மாலை திரும்பி வந்த ஆறு

உக்காருங்க. தரை ஈரமாத்தான் இருக்கு, என்ன பண்றது, இனிமே உங்க பொழப்பே ஈரத்துலதான்.

புதுசா சேர்ந்தவங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போங்கக்கான்னு மேனேஜர் கூப்பிட்டாரு. ரெண்டு வார்த்தையோட நிறுத்துற ஆள் நான் இல்லைன்னு அவருக்கும் தெரியும். இந்த வாட்டர் பார்க் தொறந்த புதுசுல லைஃப்கார்டா சேர்ந்தவ நான். நாலு பக்கமும் வயல், நடுவுல நீலக் கலர்ல சறுக்கு. தஞ்சாவூர் பஸ்ல போறவங்க எல்லாம் ஜன்னல் வழியா எட்டிப் பாப்பாங்க. அப்ப பொம்பளை லைஃப்கார்டுன்னா நான் ஒருத்திதான். வெண்ணாத்துல நீச்சல் பழகினவ, அதுதான் எனக்குச் சர்டிஃபிகேட். போன வருஷம் இன்சார்ஜா ரிட்டையர் ஆனேன். இன்னும் தலையில குளோரின் வாசம் போகலைன்னு வீட்டுல கிண்டல் பண்றாங்க.

ஆளை எப்படித் தூக்கறது, நெஞ்சை எப்படி அமுக்கறதுங்கறதை ட்ரெயினர் சொல்லித் தருவாரு. அவரு வேலையில நான் கை வைக்கல. நான் சொல்லப் போறது இந்தத் தண்ணிக்கு வர்ற ஜனங்களைப் பத்தி.

நாளைக்குக் காலையில வேவ் பூல் ஓரமா நின்னு பாருங்க. குடும்பம் குடும்பமா வருவாங்க. பசங்க தடதடன்னு ஓடிப் போய் விழுவாங்க, அது எல்லா ஊர்லயும் உண்டு. பெரியவங்க அப்படி எறங்க மாட்டாங்க. குனிஞ்சு, தண்ணியைத் தொட்டு, கண்ணுல ஒத்திக்கிட்டு, அப்புறம்தான் காலை வைப்பாங்க. பெங்களூர்ல பெரிய வேலையில இருக்கற ஒருத்தர் லீவுக்கு ஊருக்கு வந்தவரு, கூலிங் கிளாஸோட நின்னுக்கிட்டு, யாரும் பாக்கலைன்னு நெனச்சு டக்குன்னு தொட்டு ஒத்திக்கிட்டாரு. ட்ரெயினிங்குன்னு என்னை வெளியூர் பார்க்குக்கெல்லாம் அனுப்பியிருக்காங்க. அங்க எங்கயும் இதை நான் பாக்கல. சேர்ந்த புதுசுல எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. மருந்து கலந்த தண்ணிக்கு என்ன கும்பிடுன்னு கேட்டிருக்கேன். இப்ப சிரிக்கறதில்ல. ஏன்னு சொல்லத்தான் வந்தேன்.

எனக்கு வேலை கத்துக் குடுத்த சீனியர் பூம்புகார் பக்கத்து ஆளு, கடல்லயே வளந்தவரு. அதிகம் பேச மாட்டாரு. முதல் நாள் என்னைக் கூட்டத்துக்கு நடுவுல நிறுத்தி, "சத்தம் வர்ற பக்கம் பாக்காதம்மா, சத்தம் போடுறவன் மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருக்கான். சத்தம் நின்ன பக்கம் பாரு"ன்னாரு. அவ்வளவுதான் பாடம். மத்தபடி நாள் பூரா வெத்தலை போட்டுக்கிட்டு, அதைத் துப்ப எடமில்லாம கேட்டுக்கு ஓடிக்கிட்டு இருப்பாரு.

அப்புறம் கேட்ல ஒரு ஊக்கு டப்பா இருக்கே, அதைப் பாத்தீங்களா? நகையெல்லாம் லாக்கர்ல வச்சுட்டுத்தான் தண்ணியில எறங்கணும். ஆனா தாலியைக் கழட்டி வைங்கன்னு இந்தப் பக்கத்துல எந்தப் பொம்பளைகிட்டயாவது சொல்லிப் பாருங்க, நல்லா வாங்கிக் கட்டிக்குவீங்க. நான் வாங்கியிருக்கேன். அதனால தாலியை டிரஸ்ஸுக்கு உள்ள விட்டு, ஊக்கு குத்தி அனுப்பறது நம்ம பழக்கம். தண்ணியில தொங்குற எதுவும் எங்கயாவது போய் மாட்டும். இதை மனசுல வச்சுக்குங்க.

ஒரு ஆடிப் பதினெட்டு. அந்த வருஷம் மேட்டூர் நெறைஞ்சு வழிஞ்சு, காவேரி, கொள்ளிடம், வெண்ணாறு எல்லாம் கரையைத் தொட்டுக்கிட்டு ஓடுது. படித்துறையில யாரும் எறங்கக் கூடாதுன்னு போலீஸ் கயிறு கட்டி மறிச்சுட்டாங்க. ஆத்துல தண்ணி இல்லாத வருஷத்துல பைப்படியில பூஜை பண்ணின ஜனம் நம்ம ஜனம். தண்ணி பொங்கி வர்ற வருஷத்துல தொடக் கூட விடலைன்னா எப்படி இருக்கும்? லீவுக்கு ஊருக்கு வந்த குடும்பமெல்லாம் வேனைத் திருப்பிக்கிட்டு இங்க வந்துட்டாங்க. கேட்ல செக்யூரிட்டி ஒவ்வொரு பையையும் தொறக்கறாரு, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், புளியோதரை. வெளிச் சாப்பாடு உள்ள விடக் கூடாது. ஆடிப்பெருக்கு அன்னைக்குச் சித்ரான்னத்தைப் பிடுங்கிட்டு நாம ஊருக்குள்ள நடமாட முடியுமா? பார்க்கிங்ல வேப்ப மரத்தடியில உக்காந்து சாப்பிட்டுட்டு வாங்கன்னு அனுப்பினேன்.

அந்தக் கூட்டத்துல மன்னார்குடிப் பக்கத்துக் குடும்பம் ஒண்ணு. காலையில தாராசுரம் கோயிலுக்குப் போய்ட்டு நேரா இங்க வந்திருக்காங்க. மாமியாருக்குப் பட்டுப்புடவை, வைர மூக்குத்தி, நிமிர்ந்த நடை. ஒரு காலத்துல நெலம் நீச்சோட இருந்தவங்கன்னு பேச்சுலயே தெரிஞ்சுது. மகன் சென்னையில கம்ப்யூட்டர் வேலை. மருமக கயல், காலேஜ்ல பாடம் எடுக்கற பொண்ணு. கல்யாணம் ஆகி முதல் ஆடி. மாமியார் கையை விட்டு எறக்காம ஒரு துணிப்பையை வச்சிருந்தாங்க. உள்ள கல்யாண மாலை, காஞ்சு சருகா ஆனது.

முதல் ஆடிக்குக் கல்யாண மாலையை ஆத்துல விட்டு, தாலியைப் புது மஞ்சக் கயிறுல கோத்துப் போடணும். அது உங்க வீட்லயும் நடந்திருக்கும். அந்தம்மா லேஸி ரிவர் ஓரமா வந்து நின்னாங்க. டியூப்ல படுத்துக்கிட்டு ஜனங்க சுத்தி வர்ற வாய்க்கால்தான் லேஸி ரிவர், உங்களுக்குத் தெரியும். என்னைப் பாத்து, "ஏம்மா, இதுக்கு ரிவர்னுதானே பேர் போட்டிருக்கு?"ன்னு கேட்டாங்க.

"ஆமாங்க, ஆனா சும்மா பேருக்குத்தான்."

"தண்ணி எங்கேருந்து எடுக்கறீங்க?"

"போர் தண்ணிங்க."

"போருக்கு எங்கேருந்து வருது?"

"காவேரி ஓடுறதுனாலதான் இங்க போர்ல தண்ணி ஊறுது"ன்னேன்.

"அப்ப சரி. அவ மேல ஓடினா என்ன, கீழ ஓடினா என்ன"ன்னு சொல்லிட்டுப் பையைத் தொறந்தாங்க.

இதுக்கு என்ன பதில் சொல்லுவீங்க? விளக்கைக் கரையில ஏத்திக்குங்க, மாலையை ஒரு தடவை மெதக்க விடுங்கன்னு சொன்னேன். அந்த வளைவைத் தாண்டி அவங்க கண்ணுக்கு மறைஞ்சதும் வலையால எடுத்துடலாம்னு என் திட்டம். எல்லாருக்கும் சந்தோஷம், ஃபில்டரும் பொழைக்கும்.

கரையில கோலம் போட்டு, மஞ்சப் பிள்ளையாரைப் பிடிச்சு வச்சு, காதோலை கருகமணி வச்சுக் கும்பிட்டாங்க. கயல் நம்ம வாடகை நைலான் டிரஸ்ல நின்னா. கேட்ல குத்தின ஊக்கைக் கழட்டி, தாலியைப் புதுக் கயிறுல கோத்து மாமியார் போட்டு விட்டாங்க. நல்ல கெட்டிக் கயிறு, சொட்டச் சொட்ட மஞ்சள். பக்கத்துல டியூப்ல போனவங்க எல்லாம் கை கூப்பிக்கிட்டே மெதந்து போனாங்க. அந்தப் பக்கம் ரெயின் டான்ஸ்ல பாட்டு காதைப் பொளக்குது, இந்தப் பக்கம் குங்குமமும் கற்பூரமும். எந்த எடத்தையும் ஆறா ஆக்கிடறாங்களே இவங்கன்னு எனக்கு ஒரே ஆச்சரியம்.

மாலையை விட்டாங்க. மறையட்டும்னு நான் வலையோட வளைவுல நின்னா, மாலை தனியா வரல. டியூப்ல இருந்த வாண்டுகள் எல்லாம் அதுக்குப் பின்னாடி சாமி ஊர்வலம் மாதிரி கத்திக்கிட்டு வருதுங்க. குடும்பமும் கரையோரமா கூடவே நடந்து வருது. அத்தனை பேர் முன்னாடி எப்படி வலையைப் போடறது? போடல. மாலை ஒரு சுத்து சுத்தி, பொறப்பட்ட எடத்துக்கே வந்து சேந்துச்சு.

சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. மாமியார் சிரிக்கல. "விட்ட மாலை திரும்பி வரலாமா?"ன்னாங்க. மெதுவாத்தான் சொன்னாங்க, ஆனா கயல் காதுல விழுந்துடுச்சு. படிச்ச பொண்ணுதான், ஆனாலும் முதல் ஆடி, மாமியார் முகம் சுருங்குது, அவளால சும்மா நிக்க முடியல. மாலை மறுபடி நகர ஆரம்பிச்சதும் அதைப் பிடிச்சு எடுத்துடணும்னு தண்ணியில எறங்கிட்டா.

லேஸி ரிவர் தானா ஓடற மாதிரி தெரியும். தானா ஓடல. ஒரு சுவத்துல கம்பி போட்ட வாய் இருக்கு, பம்ப் அது வழியா தண்ணியை இழுத்து இன்னொரு எடத்துல தள்ளுது. மாலையோட நார் போய் அந்தக் கம்பியில சிக்கிடுச்சு. கயல் குனிஞ்சு இழுத்தா. புதுக் கயிறு, ஊக்கு இல்லாம தொங்கிக்கிட்டு இருந்தது, தாலியோட சேந்து கம்பிக்குள்ள போய் முறுக்கிக்கிச்சு. அப்படியே கழுத்தை இழுத்துத் தலை தண்ணிக்குள்ள போயிடுச்சு.

இடுப்பளவு தண்ணிதான். நாலு எட்டு தள்ளிப் புருஷன் நிக்கறான், அவ மாலையை எடுக்கறான்னு நெனச்சுப் பாத்துக்கிட்டு இருக்கான். சத்தம் இல்ல. எனக்கு அந்தப் பூம்புகார்க்காரர் சொன்னதுதான் மண்டையில அடிச்சுது. குதிச்சேன்.

இப்ப ஒவ்வொரு தூண்லயும் சிவப்பு பட்டன் இருக்கு, அடிச்சா பம்ப் நிக்கும். அது இந்தச் சம்பவத்துக்கு அப்புறம் வந்தது. அன்னைக்கு விசில் அடிச்சுத்தான் பம்ப் ரூமுக்குச் சொல்லணும். அந்தப் பாட்டுச் சத்தத்துல என் விசில் எவன் காதுல விழும்? கூட இருந்த லைஃப்கார்டை ஓடச் சொன்னேன். பார்க்கோட இன்னொரு மூலைக்கு ஓடணும் அவன்.

இடுப்புப் பையிலேருந்து கத்தரியை எடுத்துக்கிட்டு முங்கினேன். கயிறை வெட்டினா முடிஞ்சுது. ஆனா கயல் ரெண்டு கையாலயும் கயிறைப் பொத்திப் பிடிச்சிருக்கா. கழுத்துக்கும் கம்பிக்கும் நடுவுல இருக்கறது அவ விரல் மட்டும்தான். கத்தரியைக் கொண்டு போனா, இன்னும் இறுக்கறா. மூச்சு முட்டுது, கண்ணு பிதுங்குது, ஆனாலும் தலையை ஆட்டறா, வேணாம் வேணாம்னு. இந்தக் கையால எத்தனையோ பேரைத் தூக்கியிருக்கேன். என்னைத் தள்ளி விட்டவங்களைப் பாத்திருக்கேன், கடிச்சவங்களைப் பாத்திருக்கேன். தாலி அறுந்துடக் கூடாதுன்னு சாவோட மல்லுக்கட்டற பொண்ணை அன்னைக்குத்தான் பாத்தேன். எனக்குக் கோவம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்.

தலையைத் தூக்கி, "எல்லாரும் தண்ணியை விட்டு வெளிய போங்க"ன்னு கத்தினேன். ஆபத்துன்னா முதல்ல தண்ணியைக் காலி பண்ணணும், உங்களுக்கும் அதைத்தான் சொல்லித் தருவாங்க. அப்ப எனக்குப் பின்னாடி ஒரு பொம்பளைக் குரல்.

"உடைப்புடி, எறங்குங்கடி, உக்காருங்கடி."

குறுவை நடவு முடிஞ்சு ஒரு நாள் ஊர் சுத்த வந்த பொம்பளைங்க, வேறொரு கிராமம், தனி வேன்ல வந்தவங்க. அதுல மூத்தவங்கதான் குரல் குடுத்தது. வாய்க்கால் கரை உடைஞ்சா, மண்ணு மூட்டை வர்ற வரைக்கும் ஜனங்க வரிசையா ஒட்டி உக்காந்து உடம்பால தண்ணியை மறிப்பாங்க. அதைத்தான் செய்யச் சொல்றாங்க. அத்தனை பொம்பளைங்களும் தொபதொபன்னு குதிச்சு, வாய்க்காலுக்குக் குறுக்கால தோளோட தோள் ஒட்டி உக்காந்துட்டாங்க.

இந்த எடத்துலதான் உங்க தலை வேலை செய்யணும். விதிப்படி அவங்களை நான் விரட்டணும். விரட்டல. பம்ப் இழுத்துக்கிட்டே இருக்கு, ரெண்டு பக்கமும் அடைச்சா நடுவுல தண்ணி மட்டம் எறங்கிடும்னு தோணுச்சு. "மேல ஒரு கட்டு ஆச்சு, கீழயும் ஒரு கட்டு கட்டுங்க"ன்னு கையைக் காட்டினேன்.

நான் சொல்லி முடிக்கல. டியூப்ல இருந்தவங்க, கரையில இருந்தவங்க, ரெயின் டான்ஸ்லேருந்து ஓடி வந்தவங்க, ஐஸ்கிரீம் கையோட நின்ன மீசைக்காரர், அத்தனை பேரும் எறங்கிட்டாங்க. யாருக்கும் எதையும் ரெண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கல. உக்காந்து, கையைக் கோத்து, நடுவுல இருந்த சந்துல எல்லாம் டியூபை வச்சு அமுக்கினாங்க. எந்த ஊரு, எந்தத் தெருன்னு யாரும் யாரையும் கேக்கல. எல்லாருக்கும் ஒரே வாடகை நைலான் டிரஸ். சத்தியமா சொல்றேன், இந்த வேலையில அதை விடப் பெருசா ஒண்ணை நான் பாத்ததே இல்ல.

பம்ப் உறிஞ்ச உறிஞ்ச நடுவுல தண்ணி எறங்கிச்சு. முதல்ல கயலோட காது தெரிஞ்சுது. அப்புறம் மூக்கு. ஒரு மூச்சு இழுத்தா பாருங்க, அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்கு.

ஆனா கழுத்தை இன்னும் கயிறு இறுக்கிக்கிட்டுத்தான் இருக்கு, கம்பியை விட்டு நகர முடியல. மனுஷக் கட்டு எவ்வளவு நேரம் தாங்கும்? ஒரு ஆள் சறுக்கினா மொத்தத் தண்ணியும் அவ மேலதான் பாயும். கத்தரியைக் கொண்டு போனேன், மறுபடி கையை வச்சு மறைச்சா. அப்ப மாமியார் தண்ணியில எறங்கிட்டாங்க, அதே பட்டுப்புடவையோட. அறுக்காதீங்கன்னு சொல்லப் போறாங்கன்னுதான் நான் நெனச்சேன். இவங்களை வேற சமாளிக்கணுமான்னு பல்லைக் கடிச்சேன்.

அவங்க என் பக்கமே திரும்பல. மருமக முகத்தை ரெண்டு கையாலயும் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு, "கையை எடு கண்ணு. கயிறுதானே, போனாப் போவுது. அத்தை சொல்றேன், எடு"ன்னாங்க.

கயல் கேட்டா. தண்ணிக்குள்ள இருந்தப்ப கேக்க முடியாத குரல் இப்பக் கேட்டுச்சு. விரல் ஒவ்வொண்ணா தளர்ந்துச்சு. "வெட்டும்மா"ன்னு மாமியார் என்கிட்ட சொன்னாங்க. வெட்டினேன். அவ அப்படியே மாமியார் மடியில சாஞ்சுட்டா.

அதே நேரத்துல நான் ஓடச் சொன்ன லைஃப்கார்டு பையன் பம்ப் ரூமுக்குப் போய்ச் சேந்துட்டான். எந்த ஸ்விட்சுன்னு பாக்கல போல, மெயினையே இறக்கிட்டான். பாட்டு நின்னுச்சு. அலை நின்னுச்சு. சறுக்குல வர்ற தண்ணி நின்னுச்சு. மொத்த பார்க்கும் ஒரு சத்தம் இல்லாம போச்சு. வயல்ல கொக்கு கத்தறது கேட்டுச்சு. கட்டுல உக்காந்திருந்தவங்க மெல்ல எந்திரிச்சு வழி விட்டாங்க. தண்ணி வந்து மட்டமாச்சு, அப்புறம் அசையல. மாலையும் கம்பியை விட்டுக் கழண்டு, நடுவுல அப்படியே நின்னுச்சு. அத்தனை ஜனமும் தண்ணியைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. யாரோ ஒருத்தர் குனிஞ்சு தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. அப்புறம் ஒவ்வொருத்தரா எல்லாரும். நானும்.

கம்பியில தாலி பத்திரமா தொங்கிக்கிட்டு இருந்துச்சு. எடுத்துக் குடுத்தேன். கயல் கழுத்துல சிவப்பா ஒரு கோடு, வேற காயம் இல்ல. முதலுதவி அறைக்குத் தூக்கிட்டுப் போகணும்னு நான் அவசரப்பட்டேன். "கழுத்து வெறுமையா வர மாட்டேன்"னு தேம்பறா. மாமியார் கொண்டு வந்த கயிறு எல்லாம் பூஜையில மத்த பொம்பளைங்களுக்குக் குடுத்தே முடிஞ்சு போச்சு. உடைப்புன்னு குரல் குடுத்த அந்த நடவுக்காரம்மா தாங்க கும்பிடக் கொண்டு வந்த பூஜைத் தட்டுலேருந்து ஒரு மஞ்சக் கயிறை எடுத்துக்கிட்டு வந்தாங்க. குடுக்கறதா வேணாமான்னு ஒரு நிமிஷம் தயங்கி நின்னாங்க. பட்டுப்புடவைக்காரம்மா ரெண்டு கையையும் ஏந்தி வாங்கினாங்க. வாங்கி, "நீயே கோத்துக் குடும்மா, உன் கை நல்ல கை"ன்னாங்க. அவங்க கோத்துக் குடுக்க, மாமியார் வாங்கி மகன் கையில தர, அவன் கட்டினான். சுத்தி நின்ன நைலான் டிரஸ் கூட்டம் அட்சதைக்கு என்ன பண்ணும்? தண்ணியை அள்ளித் தெளிச்சாங்க. நான் அழுதேன். டியூட்டியில அழக் கூடாதுன்னு உங்களுக்குச் சொல்லுவாங்க. அதையும் கேட்டுக்குங்க.

அப்புறம்தான் அந்தப் பொண்ணு ஸ்ட்ரெச்சர்ல படுக்க ஒத்துக்கிட்டா. நாங்க தூக்கும்போது மாமியார் கையைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா கேட்டா, "அத்தை, மாலை திரும்பி வந்துடுச்சே."

"வந்தா வரட்டும்டி. நீ திரும்பி வந்தியே"ன்னாங்க அந்தம்மா. அது வரைக்கும் திடமா இருந்தவங்க, அப்பத்தான் உடைஞ்சு அழுதாங்க.

மாலையை நான்தான் வலையால அள்ளி, தண்ணி வடிய விட்டு, அவங்க பையிலயே போட்டுக் குடுத்தேன். படித்துறை தொறந்ததும் காவேரியில விட்டுக்கறோம்னு வாங்கிட்டுப் போனாங்க.

அவ்வளவுதான். எந்திரிங்க, உங்க டிரஸ் எல்லாம் நனைஞ்சிருக்கும். நாளைக்கு உங்களுக்குப் பட்டன் இருக்கு, வாக்கி டாக்கி இருக்கு, விதிப் புத்தகம் இருக்கு. எல்லாத்தையும் ஒழுங்காப் படிங்க. ஆனா தண்ணியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிற ஜனத்தைப் பாத்துச் சிரிக்காதீங்க. அவசரம்னா உங்க கூட எறங்கப் போறது அவங்கதான். காலையில கேட்டைத் தொறக்கும்போது மறக்காம ஊக்கு டப்பாவை எடுத்து வெளிய வைங்க. பூஜைக்குக் கழட்டினாலும் மறுபடி குத்திட்டுத்தான் உள்ள விடணும். வர்ற பொண்ணுங்க அத்தனை பேரையும் வீட்ல யாரோ ஒருத்தங்க திரும்பி வரட்டும்னு எதிர்பாத்துக்கிட்டு இருக்காங்க.